ஒளிக்க எதுவும் இல்லாதவருக்குத் தரவால் என்ன கேடு? நேயர் கேள்விக்கு விளக்கம்

சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவரின் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "தரவு, தனியுரிமை என்று எல்லோரும் அச்சுறுத்துகிறார்கள். என்னிடம் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை. நான் எங்கே போகிறேன், என்ன வாங்குகிறேன் என்பது ஏதோ ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்தால் எனக்கு என்ன நட்டம்? மேலும், மனிதர்கள்தாம் ஆள் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கணினிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று யாரும் இல்லை. முடிவுகளைச் செயற்கை நுண்ணறிவிடமே விட்டுவிடுவது நல்லதல்லவா?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. இதை எள்ளி நகையாடுபவர்கள் பலர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதாக நான் கருதுவதால், சேர்த்தே சொல்கிறேன்.

ஒளிக்க எதுவும் இல்லை என்று சொல்லும்போது, ரகசியம் அம்பலமாவது ஒன்றுதான் கேடு என்று நாம் வைத்துக்கொள்கிறோம். அந்தக் கேடும் உண்டு. பெயரை நீக்கிவிட்டால் தரவு பாதுகாப்பானது என்று நம்பப்பட்ட 1990களில், அமெரிக்க ஆய்வாளர் லட்டானியா ஸ்வீனி, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு பொருத்திப் பார்த்து, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் பதிவையே அடையாளம் கண்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணக்கூடும் என்று 2000ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால், ரகசியம் என்று ஒன்றுமே இல்லாதவருக்கும் வரக்கூடிய கேடு வேறு. உங்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் உங்களைப் பார்ப்பதில்லை. உங்கள் இடத்தில் ஓர் எண்ணை வைத்துப் பார்க்கிறார். அந்த எண்ணோ, அவர் உண்மையில் அறிய வேண்டியதை அளப்பதில்லை. அளக்க வசதியாகக் கிடைத்த வேறொன்றை அளக்கிறது.

இதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அங்கே வேலையில்லாதோர் உள்ளிட்டோருக்கு அரசு உதவித்தொகை வழங்குகிறது. பெறுபவர் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, அந்த இரு வாரங்களில் தாம் சம்பாதித்தது எவ்வளவு என்று தெரிவிக்க வேண்டும்; அதற்கேற்பத் தொகை கூடும் அல்லது குறையும். வரித்துறையிடமோ ஒவ்வொருவரின் முழு ஆண்டு வருமானம் பற்றிய தரவு இருக்கிறது. இந்த இரண்டையும் கணினி வழியே ஒப்பிட்டு, கூடுதலாகப் பெற்றவர்களிடம் பணத்தைத் திரும்ப வசூலிக்கலாம் என்று கருதிய அரசு, அந்த ஏற்பாட்டை 2016இல் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மக்கள் அதை 'ரோபோடெப்ட்' என்று அழைத்தார்கள்.

கணக்கைத் திரையில் எழுதிக் காட்டுகிறேன், பாருங்கள். ஒருவர் ஆண்டின் முதல் பாதியில் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு வேலை போய்விட்டது. இரண்டாம் பாதியில் உதவித்தொகை பெற்றார். ஒவ்வொரு முறையும் வருமானம் பூஜ்யம் என்று உள்ளதை உள்ளபடி தெரிவித்தார். இப்போது கணினி என்ன செய்கிறது? ஆண்டுக்கு 26 இருவாரங்கள். 26,000ஐ 26ஆல் வகுத்தால் ஓர் இருவாரத்துக்கு 1,000 டாலர் வருகிறது. ஆகவே, அவர் கையில் ஒரு காசும் வராத வாரங்களிலும் 1,000 டாலர் வந்ததாகவும், அதை அவர் மறைத்து உதவித்தொகை பெற்றதாகவும் கொண்டு, திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் போய்விடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் தவறான தரவு எதுவும் இல்லை. வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானம் சரி. அவர் தெரிவித்த பூஜ்யமும் சரி. அவருடைய ரகசியம் எதுவும் கசியவில்லை. அவரிடம் ஒளிக்க எதுவும் இருக்கவும் இல்லை. இவ்வளவும் சரியாக இருந்தும் கடன் பொய்யானது. உண்மையான இருவார வருமானம் இருக்க வேண்டிய இடத்தில், வசதிக்காகச் சராசரியை வைத்ததுதான் காரணம். அது மட்டுமல்ல, கடன் இருக்கிறது என்று அரசு மெய்ப்பிப்பதற்குப் பதிலாக, கடன் இல்லை என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்த இடத்துச் சம்பளச் சீட்டுகளை எத்தனை பேர் பத்திரமாக வைத்திருப்பார்கள்?

இப்படி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீது 1.7 பில்லியன் டாலருக்கும் மேலான தொகை சட்டத்துக்குப் புறம்பாகச் சுமத்தப்பட்டது. 2023 ஜூலையில் வெளிவந்த அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை இந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இதில் செயற்கை நுண்ணறிவு துளியும் இல்லை, வெறும் வகுத்தல் கணக்குதான் என்று சிலர் மறுக்கக்கூடும். உண்மைதான். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். வகுத்தலாக இருந்தபடியால் தவறு எங்கே என்று நம்மால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. இதே தவறு கோடிக்கணக்கான எண்களைக் கொண்ட ஒரு மாதிரிக்குள், அதாவது தரவிலிருந்து தானே கற்றுக்கொண்டு கணிக்கும் செயற்கை நுண்ணறிவு அமைப்புக்குள், புதைந்து கிடந்தால் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, கணினிக்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை என்ற பகுதிக்கு வருகிறேன். அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் பயன்பட்டுவந்த ஓர் அல்காரிதத்தை, அதாவது கணினி பின்பற்றும் கணிப்பு முறையை, சியாட் ஓபர்மையரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து, 2019இல் சயன்ஸ் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். எந்த நோயாளிகளுக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று முன்கூட்டியே கணிப்பதுதான் அந்த அல்காரிதத்தின் வேலை. நோயாளியின் இனம் என்ன என்ற தகவலே அதற்குக் கொடுக்கப்படவில்லை. ஆயினும், ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் கறுப்பினத்தவரே கணிசமாகக் கூடுதல் நோய்ப்பட்டிருந்தார். ஏன்? நோயின் கடுமையை நேராக அளப்பது கடினம் என்பதால், வருங்காலத்தில் அந்த நோயாளிக்கு ஆகக்கூடிய மருத்துவச் செலவை அதன் இடத்தில் வைத்திருந்தார்கள். சிகிச்சை எளிதில் கிடைக்காதவருக்குச் செலவும் குறைவாகத்தான் இருக்கும். செலவு குறைவு என்பதை, நோய் குறைவு என்று கணினி படித்துக்கொண்டது. இதைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தகுதி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று அவர்கள் கண்டார்கள்.

இங்கே யாரும் ஆள் பார்க்கவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. கணினிக்கு வேண்டியவர் யாரும் இல்லை என்பது சரிதான். ஆனால் அது படித்த தரவில் வேண்டியவரும் வேண்டாதவரும் ஏற்கெனவே பிரிக்கப்பட்டுக் கிடக்கிறார்கள்.

சில இடங்களில் இந்தப் பிரிவினையைப் படித்துக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை, வெளிப்படையாகவே கொடுத்துவிட்டார்கள். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்யக்கூடியவர்கள் யார் என்று கணிக்க வரித்துறை பயன்படுத்திய மாதிரியில், டச்சுக் குடியுரிமை இல்லாதிருப்பதும் அபாயத்துக்கான ஓர் அறிகுறியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு கையெழுத்து விடுபட்டதற்காகக்கூட முழு ஆண்டுத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொல்லி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கடிக்கப்பட்டன. 2021 ஜனவரியில் இதன் பொருட்டு அந்நாட்டு அரசே பதவி விலகியது. கோப்புகளைச் சரிபார்க்க மனித அதிகாரிகள் இருந்தார்கள். ஆனால் ஒருவருடைய மதிப்பெண் ஏன் உயர்ந்தது என்ற காரணம் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், சற்று நேரத்தில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

அப்படியானால் மனிதர்களே மேலா என்று நேயர் கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. மனிதர்களின் பாரபட்சம் பல வேளைகளில் இதைவிட மோசமானது, பதிவிலும் நிற்பதில்லை. மருத்துவமனை அல்காரிதத்தின் தவறைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கும், சரிசெய்யும் வழியைச் சொல்ல முடிந்ததற்கும் காரணமே, அது எழுதப்பட்ட ஒன்றாக, ஆய்வாளர்கள் கையில் கிடைத்ததுதான். ஒரு மருத்துவரின் மனத்தை அப்படித் திறந்து பார்க்க இயலாது. இந்த வாதத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால், இது திறந்து காட்டப்படும் அல்காரிதத்துக்கு மட்டுமே பொருந்தும். வணிக ரகசியம் என்று பூட்டி வைத்திருப்பவர், கணினி பாரபட்சமற்றது என்ற பெருமையை மட்டும் கோர முடியாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒரு முரட்டு அதிகாரியின் தவறு அவருடைய மேசையோடு நின்றுவிடும். ஒரு மென்பொருளின் தவறு அது நிறுவப்பட்ட எல்லா மேசைகளுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும்.

உரையாடும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கும் ஒன்றின் இடத்தில் வேறொன்றை வைக்கும் இதே பதிலீடுதான் நடக்கிறது. உண்மை எது என்பதன் இடத்தில், அடுத்து வரத்தக்க சொல் எது என்பது நிற்கிறது. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார்கள். அவற்றில் பல, நடந்தே இராத வழக்குகள். வழக்கின் பெயர், தீர்ப்பின் நடை என்று எல்லாம் மேலோட்டமாகப் பார்த்தால் உண்மையானவை போலவே இருந்தன. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

சரி, தரவே கொடுக்காமல் ஒதுங்கி வாழ்ந்துவிடலாமா? சிலர் அப்படி அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடன் வரலாறு இல்லாதவரை நம்பத்தகாதவராகக் கருதும் ஏற்பாடுகள் இருக்கும்போது, தரவு இல்லாமையும் ஒரு தரவாகவே படிக்கப்படுகிறது. போதாக்குறைக்கு, நீங்கள் கொடுக்காவிட்டாலும் உங்களைப் போன்றவர்கள் என்று கருதப்படுவோர் கொடுத்த தரவை வைத்தே உங்களைக் கணித்துவிடுவார்கள். ஆகவே, என்னைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பதோடு நிற்காமல், என்னைப் பற்றிய எந்த முடிவு எதை அளந்து எடுக்கப்பட்டது, அது தவறு என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்கப் பழக வேண்டும்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடம் தேடியவர்கள் இருக்கிறார்கள். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 22ஆம் பிரிவு, முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்பட்டு ஒருவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவுகளுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, உட்படாதிருக்கும் உரிமையை அளிக்கிறது. முற்றிலும் என்ற சொல்லில்தான் ஓட்டை இருக்கிறது. நெதர்லாந்தில் பார்த்ததுபோல, காரணம் தெரியாத ஒரு மனிதரைக் கடைசியில் உட்கார வைத்துவிட்டால், இறுதி முடிவு மனிதருடையது என்று சொல்லித் தப்பிவிடலாம் அல்லவா?

ஜெர்மனியில் கடன் மறுக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில் இந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. மதிப்பெண் தருவது மட்டுமே எங்கள் வேலை, கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு என்பது ஷூஃபா என்ற கடன் மதிப்பீட்டு நிறுவனத்தின் தரப்பு. வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து முடிவெடுக்கிறது என்றால், மதிப்பெண் உருவாக்குவதே தானியங்கி முடிவுதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 7 அன்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டுமே செல்லும். ஆனால் கேள்வியை எங்கு வேண்டுமானாலும் கேட்கலாம். எங்கள் அலுவலர் சரிபார்த்துத்தான் மறுத்தார் என்று ஒரு நிறுவனம் சொன்னால், கடந்த ஓராண்டில் மென்பொருள் சொன்னதற்கு மாறாக அந்த அலுவலர் எத்தனை முறை முடிவெடுத்தார் என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட தரவை அழிக்கச் சொல்லும் உரிமை பற்றி இன்னொரு நேயர் கேட்டிருக்கிறார். செயற்கை நுண்ணறிவின் பயிற்சிக்குள் போய்விட்ட தரவை வெளியே எடுப்பது தனிச் சிக்கல் என்பதால், அதை அடுத்த கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.