எல்லாம் வாசித்த பியானோக்காரர்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஆந்த்ரே பிரெவின் என்ற பியானோக்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் புதிதாக இருந்தால் பரவாயில்லை. நம்ம குமரி மாவட்டத்தில் கீபோர்டு வாசிக்கிற பையன்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ அப்படி ஒருவரைப் பாருங்கள், காலையில் சர்ச்சில் பாமாலையும் கீர்த்தனையும், சாயங்காலம் கல்யாண ரிசப்ஷனில் தமிழ்ப் பாட்டு பாதி மலையாளப் பாட்டு பாதி, திருவிழாக் காலம் என்றால் ராத்திரி மெல்லிசை மேடையும் உண்டு. இவ்வளவும் வாசித்த பிறகு ஊர் என்ன சொல்லும்? "எல்லாம் வாசிப்பான், ஆனா ஒண்ணையும் முறையா வாசிக்க மாட்டான்." பிரெவினுக்கும் இதே பேச்சுதான் கிடைத்தது.

1929-ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே இசைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவனை, யூதன் என்பதற்காகவே வெளியே அனுப்பினார்கள். 1938-ல் குடும்பம் ஜெர்மனியை விட்டுத் தப்பி பாரிஸ் போய், அப்புறம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் சினிமா ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

நாலு ஆஸ்கர் வாங்கினார். 'ஜிஜி', 'போர்கி அண்ட் பெஸ்', 'இர்மா லா டூஸ்', 'மை ஃபேர் லேடி'. இதில் கவனிக்க வேண்டியது, நாலிலுமே மூல மெட்டு வேறொருவருடையது. எந்த இடத்தில் வயலின் வர வேண்டும், எங்கே பித்தளை வாத்தியங்கள் அடங்க வேண்டும், பாடுகிறவர் மூச்சு வாங்கும் நேரத்தில் பின்னால் என்ன ஓட வேண்டும் என்று எழுதி, ஒலிப்பதிவில் எழுபது எண்பது பேரை ஒன்றாக வாசிக்க வைக்கிற வேலைக்குத்தான் அந்தப் பரிசுகள். மெட்டுப் போட்டவர் பெயரைத்தான் நாம் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம், அது நம் பழக்கம். ஆனால் ஒரு பாட்டு காதில் தங்குவதில் பாதி இந்த வேலைதான் என்பது என் கட்சி.

நடுவில் ஜாஸ் வேறு, அதாவது மெட்டை அந்த நேரத்திலேயே கற்பனையாக வளர்த்து வாசிக்கிற அமெரிக்க இசை. 1956-ல் டிரம்ஸுக்கு ஷெல்லி மேன், பேஸுக்கு லெராய் வின்னகர், பியானோவில் இவர். மூன்றே பேர் 'மை ஃபேர் லேடி' நாடகப் பாட்டுகளை ஜாஸாக வாசித்த இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. எட்டு வருடம் கழித்து அதே பாட்டுகளுக்குத்தான் சினிமாவில் பெரிய இசைக்குழுவை வைத்து வேலை செய்து ஆஸ்கர் வாங்கினார்.

அப்புறம் சினிமாவை விட்டு சிம்பொனிப் பக்கம், அதாவது பெரிய இசைக்குழு வாசிக்கிற மேற்கத்திய சாஸ்திரிய இசைப் பக்கம் போனார். பட்டாளத்தில் இருந்தபோது சான் பிரான்சிஸ்கோவில் பியர் மோந்தே என்ற பெரியவரிடம் இசைக்குழு நடத்தக் கற்றிருந்தார். ஒரு கச்சேரி முடிந்ததும் மோந்தே, இசைக்குழு நன்றாக வாசித்ததா என்று கேட்டாராம். இவர் ஆமாம் என்றதும், எனக்கும் அப்படித்தான் பட்டது, அடுத்த தடவை நீ குறுக்கே போகாதே என்றாராம். நம்ம ஊர் கொயர் மாஸ்டர்கள் சிலருக்கு இதை எழுதிக் கொடுக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1968-ல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவுக்குத் தலைமை நடத்துநர். ஹாலிவுட்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள். அவரோ 1971-ல் தொலைக்காட்சியில் மோர்கம், வைஸ் என்ற இரண்டு காமெடியன்களோடு வந்து நின்று, ஒருவர் பியானோவில் கண்டபடி வாசிக்க, சிரிக்காமல் திகைத்து நிற்கிற நடத்துநராக நடித்தார். லண்டன் டாக்சிக்காரர்கள்கூட அடையாளம் கண்டுகொள்கிற ஆளாகிவிட்டார். அதே வருடம்தான் பண்டிட் ரவிசங்கர் சிதாருக்கும் மேற்கத்திய இசைக்குழுவுக்கும் சேர்த்து எழுதிய கன்செர்ட்டோவை, ரவிசங்கரே சிதார் வாசிக்க, இவர் நடத்தினார். இந்த இரண்டையும் ஒரே வருடத்தில் செய்கிறவரை முறையாக எதுவும் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

வயதான பிறகும் சும்மா இருக்கவில்லை. 1998-ல் ஓர் ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கிற மேடை நாடகம், பிறகு வயலின் கலைஞர் ஆன்-சோஃபி முட்டருக்காக ஒரு கன்செர்ட்டோ. 2019-ல் நியூயார்க்கில் இறந்தார்.

கீபோர்டு வாசிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். அந்த 1956 ஜாஸ் தட்டை இணையத்தில் தேடி, இடது கையை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பேஸ் வாசிக்க ஆள் இருக்கும்போது அந்தக் கை எவ்வளவு குறைவாக வாசிக்கிறது என்று பாருங்கள். அடுத்த ஞாயிறு கொயரில் பேஸ் கிடார்காரர் பக்கத்தில் இருக்கும்போது நீங்களும் அப்படி வாசித்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.