மணிப்பூர்ப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து படிக்க வைக்கலாமா?

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி நம் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் அனுப்பியது. வளைகுடாவில் வேலை பார்க்கிறார். சுருக்கிச் சொல்கிறேன்: "ஒன்றாகப் படித்த நண்பர்கள் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு வருகிறோம். மணிப்பூர்க் கலவரத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டி வந்து, எங்கள் நிலத்தில் ஒரு இல்லம் கட்டி, இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைக்க ஆசை. எப்படித் தொடங்குவது? காசா, சூடான் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்ய முடியுமா?"

ஊரை விட்டுப் போய் உழைக்கிற பணத்தில் இப்படி ஒரு எண்ணம் வருவது பெரிய விஷயம். அதனாலேயே நேராகச் சொல்லிவிடுகிறேன். இல்லம் கட்ட வேண்டாம். சின்னப் பிள்ளைகளை இங்கே கொண்டுவரவும் வேண்டாம். அவர்கள் இருக்கிற இடத்திலேயே, சொந்தக்காரர்களோடு இருந்து படிப்பதற்கு அந்தப் பணம் போய்ச் சேரட்டும்.

இது நம் மாவட்டத்தில் ஏற்கெனவே நடந்து கோர்ட்டு வரை போன விஷயம். 2010 ஜனவரியில் குமரி மாவட்டத்து இல்லம் ஒன்றிலிருந்து மணிப்பூர், அசாம் பிள்ளைகள் 76 பேரை மீட்டார்கள். நல்ல படிப்பு, செலவு இல்லை என்று ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட பிள்ளைகள். தமிழ்நாட்டு இல்லங்களில் பிள்ளைகள் படும் பாடு பற்றி 2007 முதல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருந்தது. அந்த வழக்கில்தான் 2010 செப்டம்பர் 1-ஆம் தேதி, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் படிப்புக்கென்று வெளிமாநிலங்களுக்கு அனுப்பக் கூடாது, மறு உத்தரவு வரும்வரை இதுதான் நிலை என்று மணிப்பூர், அசாம் அரசுகளுக்குச் சொன்னார்கள். அப்புறம் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்குமான 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. பதிவு இல்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே. ஆதரவில்லாத பிள்ளை யார் கையில் கிடைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளை எங்கே இருக்கலாம் என்று முடிவு செய்வது அரசு அமைத்த அந்தக் குழுதான். நீங்களும் நானும் இல்லை.

சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். மெய்தேயோ தாடோவோ, மணிப்பூரின் மொழி ஒன்றைப் பேசி வளர்ந்த ஆறு வயசுப் பிள்ளை. இங்கே வார்டன் பேசுவது தமிழ், வகுப்பில் இங்கிலீஷ். வயிறு வலிக்கிறது என்று சொல்லக்கூட அதற்கு வார்த்தை இல்லை. பெரியம்மாவோ பாட்டியோ ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா? அசாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வருகிற விவேக் எக்ஸ்பிரஸ்தான் நம் நாட்டில் மிக நீண்ட தூரம் ஓடுகிற ரயில். 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கு மேல் பயணம். இம்பாலிலிருந்து அந்த ரயிலைப் பிடிக்க வருவதே தனிப் பயணம். நிவாரண முகாமில் பாய் விரித்துப் படுக்கிற குடும்பத்துக்கு அது நடக்கிற காரியமா? கொஞ்ச காலத்தில் பிள்ளை தமிழ் பேசிவிடும், அது உண்மை. ஆனால் பாட்டி போன் செய்தால் பேச மொழி இருக்காது.

நம் ஊரில் ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு என்றாலே போர்டிங் என்று மனசில் பதிந்திருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1820-களிலேயே நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிக்க வைத்து, லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசும் படிப்புக்கு உதவியது. அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் இந்த மண்ணின் பிள்ளைகள். சுற்றுவட்டாரத்து ஊர்களிலேயே அவர்களுக்கு உற்றார் உறவினர் இருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை என்று நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்றில் மாலை வகுப்புக்கு வந்த பெண்பிள்ளை. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, அம்மம்மா வளர்க்கிறார். கணக்கில் கெட்டிக்காரி. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். அரசுப் பள்ளிதான், ஃபீஸ் ஒரு தொந்தரவே இல்லை. விசாரித்தால், அம்மம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடையில் நிற்பது, சமைப்பது எல்லாம் இவள்தான். பள்ளியில் ஒரு உதவித்தொகை ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், பெற்றோர் கையெழுத்து என்று கட்டங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அந்தத் தாளை நான்காக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸின் அடியில் வைத்திருந்தாள். மடிப்பு நைந்து எழுத்தே போய்விட்டது.

அம்மம்மாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்ய ஏற்பாடு ஆயிற்று. பக்கத்து வீட்டு மாமி ரேஷனைப் பார்த்துக்கொண்டார். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் வாங்கவும், பாதுகாவலர் என்று அம்மம்மா பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றவும்தான் நாள் பிடித்தது. அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போனாள். அவளுக்கு ஒரு இல்லம் தேவைப்படவில்லை. அம்மம்மாவுக்குக் கண் தெரிய வேண்டியிருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மணிப்பூர் முகாம்களிலும் கதை பெரும்பாலும் இதுதான். 2023 மே 3-ஆம் தேதி மெய்தேய், குக்கி சமூகங்களுக்கு இடையே தொடங்கிய கலவரத்தில் சுமார் 60,000 பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். வீடு எரியும்போது பிறப்புச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் சேர்ந்தே எரிகின்றன. அப்பா போனாலும் சித்தப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறார். அவர்களுக்குத் தங்கள் பிள்ளைகளையே காப்பாற்ற வழியில்லாதபோது இந்தப் பிள்ளை வேலைக்குப் போகிறது, அல்லது ஏதோ ஒரு ஏஜென்ட் கையில் போகிறது. அந்த அத்தைக்கு மாதம் ஒரு தொகை நிச்சயமாக வந்தால் பிள்ளை அங்கேயே இருக்கும், படிக்கும்.

அதற்கு வழி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில், உறவினரோடு வளர்கிற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. இதில் தனியாரும் சேர்ந்து ஒரு பிள்ளையின் செலவை ஏற்கலாம். அந்தந்த மாவட்ட கலெக்டர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகம் மூலமாகத்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1992 முதல் தேசிய மத நல்லிணக்க அறக்கட்டளை இருக்கிறது. மதம், சாதி, இனக் கலவரங்களிலும் பயங்கரவாதத்திலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதே அதன் முக்கியமான வேலை. நவம்பரில் பள்ளிக்கூடங்களில் கொடி வசூல் செய்வார்களே, அது இதற்குத்தான்.

நம் மாவட்டத்துக்கும் இந்த வலி புதிது இல்லை. 1982-இல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து, கிறிஸ்தவக் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார்கள். அதனால் ஒரு வேண்டுகோள். மெய்தேய் பிள்ளையா, குக்கி பிள்ளையா என்று பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். நம் சபைப் பிள்ளை, நம் மதத்துப் பிள்ளை என்றும் பிரிக்காதீர்கள். பிள்ளையின் முகத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து உதவுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையை மட்டும் பொறுக்கி எடுத்தால் அந்த வீடு இரண்டாவது முறை உடையும்.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் இந்தியக் குடிமகனாக உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் வழியாக அனுப்புவது வேறு. கூட வேலை பார்க்கிற பிற நாட்டுக்காரர்களிடம் வசூல் செய்து இங்கே ஒரு டிரஸ்டுக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அந்த அனுமதி இல்லாத டிரஸ்ட் அதைக் கையால் தொடவே முடியாது.

காசா, சூடான் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கிருந்து பிள்ளைகளை நாம் அழைத்து வர முடியாது, தத்தெடுக்கவும் முயலக் கூடாது. சண்டை நடக்கும்போது யார் உண்மையில் அநாதை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1994-இல் ருவாண்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் குடும்பத்தைப் பிரிந்தார்கள். தேடித் தேடி அதில் பல்லாயிரம் பேரை உறவுகளிடம் சேர்த்தார்கள். அந்த வேலையைச் செய்கிற யுனிசெஃப், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவர்களுக்குக் கொடுங்கள். 2023 ஜூனில் சூடான் தலைநகர் கார்ட்டூமின் மைகோமா அநாதை இல்லத்திலிருந்து சுமார் 300 பிள்ளைகளைக் குண்டுச் சத்தத்துக்கு நடுவே வெளியே கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான்.

உங்கள் நிலத்தை என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு யோசனை உண்டு. பிளஸ் டூ முடித்த மணிப்பூர் இளைஞர்கள் வெளியூரில் படிக்க அவர்களே விரும்பி வருகிறார்கள். நம் மாவட்டத்தில் நர்சிங் காலேஜுக்கும் என்ஜினியரிங் காலேஜுக்கும் பஞ்சம் இல்லை. தாய் தகப்பன் இல்லாத இரண்டு மூன்று பேருக்கு, பத்துப் பேர் வேண்டாம், கோர்ஸ் முடிகிற வரைக்கும் ஃபீஸ் கட்டுங்கள். நடுவில் கைவிடுவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். அவர்களுக்கு ஃபீஸைவிடக் கஷ்டம் லீவு நாட்கள். ஹாஸ்டலை மூடிவிடுவார்கள், எல்லோரும் ஊருக்குப் போவார்கள், இவர்களுக்குப் போக ஊர் இருக்காது. அந்த நிலத்தில் சமையலறையோடு சின்னதாக இரண்டு அறை போட்டால் போதும்.

முதல் வேலையாக, அடுத்த லீவில் வரும்போது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், வெளிமாநிலப் பிள்ளை ஒருவரின் செலவை ஏற்க என்ன நடைமுறை என்று கேளுங்கள். வர முடியாவிட்டால் நண்பர் ஒருவரை அனுப்புங்கள். அங்கே சொன்னதை எனக்கு எழுதுங்கள், அடுத்து யாரிடம் போகலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.