முதல் குழியில தண்ணி இல்லைன்னா யார் காசு போகும்? பாரிஸுக்கு அடியில இருக்கிற வெந்நீர்

[திரையில்: ஓர்லி விமான நிலையம், குளிர்காலக் காலை]

பாரிஸ்ல ஓர்லின்னு ஒரு பெரிய ஏர்போர்ட் இருக்கு. ஜனவரிக் குளிர்ல வெளிய நின்னா பல்லு கிடுகிடுன்னு ஆடும். உள்ள போனா கதகதப்பா இருக்கும். அந்தச் சூட்டுல ஒரு பெரிய பங்கு தரைக்கு அடியில, ஏறக்குறைய 1,700 மீட்டர் ஆழத்துல இருந்து வருது. 2011-ல இருந்து வந்துட்டிருக்கு. அங்க எரிமலையும் கிடையாது, வெந்நீர் ஊற்றும் கிடையாது. சாதாரண சமவெளி, அதுக்கு அடியில சுண்ணாம்புப் பாறை, அந்தப் பாறையோட துளைகள்ல தேங்கி நிக்கிற சூடான உப்புத் தண்ணி. அவ்வளவுதான்.

பாரிஸைச் சுத்தி மட்டும் இப்படிப் பல டஜன் கிணறுகள் ஓடுது. ஐரோப்பாவுல எத்தனையோ ஊருக்கு அடியில இதே மாதிரி சூடு இருக்கு. அப்புறம் ஏன் இந்த ஊர் மட்டும் இவ்வளவு தூரம் வந்துச்சு? எல்லாரும் "டெக்னாலஜி"ன்னுதான் சொல்லுவாங்க. என்னைக் கேட்டா, 1980-கள் தொடக்கத்துல பிரான்ஸ் அரசு போட்ட ஒரு இன்சூரன்ஸ்தான் காரணம். இந்த வீடியோ முழுக்க அதைப் பத்திதான்.

[திரையில்: பூமியின் குறுக்குவெட்டு]

முதல்ல அடிப்படை, சட்டுனு முடிச்சிடலாம். கீழ போகப் போக 100 மீட்டருக்குச் சுமார் 3 டிகிரி சூடு ஏறும். பாரிஸுக்கு அடியில டாகர்னு ஒரு பாறை அடுக்கு இருக்கு. 16 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடியில படிஞ்ச சுண்ணாம்பு அது. ஆழம் 1,500-ல இருந்து 2,000 மீட்டர், தண்ணியோட சூடு 55-ல இருந்து 85 டிகிரி. இந்தச் சூட்டுல கரண்ட் எடுக்கிறது கட்டுப்படியாகாது. ஆனா வீடுகளைச் சூடாக்க இதுவே தாராளம்.

[திரையில்: இரண்டு கிணறுகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்]

எடுக்கிற முறைக்கு டப்லெட்னு பேரு, அதாவது ஜோடிக் கிணறு. ஒண்ணுல சூடான தண்ணி மேல வரும். அதை நேரா வீட்டுக் குழாய்க்கு அனுப்ப முடியாது, உப்பு அதிகம், குழாயை அரிச்சுடும். அதனால டைட்டானியம் தகடு போட்ட ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியா போகும். சூட்டை மட்டும் அங்க இறக்கி வெச்சிட்டு, ஆறின தண்ணி ரெண்டாவது கிணறு வழியா அதே பாறைக்குத் திரும்பிடும். தரையில ரெண்டு கிணத்து வாயும் பத்து மீட்டர் இடைவெளியிலதான் இருக்கும். கீழ சாய்வாத் துளைச்சுப் போறதால, அடியில ஒரு கிலோமீட்டருக்கு மேல விலகி நிக்கும். விலகலைன்னா திருப்பி விட்ட ஆறின தண்ணி சில வருஷத்துலயே சூடான கிணத்துக்கு வந்து சேர்ந்துடும்.

திருப்பி அனுப்புற பழக்கம் எப்படி வந்துச்சுங்கிறதும் சுவாரஸ்யம். 1960-கள் ஆரம்பத்துல பாரிஸ் பக்கத்துல காரியேர்-சுர்-சேன்ங்கிற இடத்துல டாகருக்கு ஒரு கிணறு போட்டாங்க. தண்ணி வந்துச்சு. ஆனா ஆத்துல விட முடியாத அளவுக்கு உப்பு. கைவிட்டுட்டாங்க. 1969-ல மெலன் ஊர்ல ரெண்டாவது கிணறும் சேர்த்துப் போட்டு, எடுத்த தண்ணியைத் திருப்பி உள்ள விட்டாங்க. பிரச்சினை தீர்ந்துச்சு.

[திரையில்: ரிக், இரவு வெளிச்சத்தில்]

சரி, இப்ப காசு விஷயத்துக்கு வருவோம். இந்த இடத்துல கொஞ்ச நேரம் நிக்கப் போறேன். ஏன்னா இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

வீட்டுக்குப் போர் போட்டவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். ரிக் வந்து நின்னு, அடி கணக்குல காசு ஓடிட்டே இருக்கும், கண்ணு குழி வாயிலயே இருக்கும். இங்க அதே பதற்றம்தான், தொகைதான் வேற. இன்னைக்கு ஒரு ஜோடிக் கிணறு போட 1 கோடி யூரோவுக்கு மேல ஆகும். அதுல பெரும்பகுதி முதல் நாள்லயே போற காசு. பம்பு வாங்குறதுக்கு, தெருவுல குழாய் பதிக்கிறதுக்கு, ஒரே ஒரு வீட்டுக்குச் சூடு விக்கிறதுக்கு முன்னாடியே போற காசு. எந்த பேங்கும் அந்தக் கட்டத்துல கடன் கொடுக்காது. "தண்ணி வந்ததும் வாங்க"ன்னு சொல்லும். தண்ணி வந்துட்டா கடன் ஈஸி. ஆனா தண்ணி வரணும்னா முதல்ல குழி போடணுமே!

இதுல இன்னொரு சிக்கல். "வந்துச்சு", "வரல"ன்னு ரெண்டே முடிவு கிடையாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறேன். கிணத்துல மணிக்கு 300 கன மீட்டர் தண்ணி, 70 டிகிரி சூட்டுல வருதுன்னு வைங்க. அதை 40 டிகிரி வரைக்கும் ஆற விட்டா கிடைக்கிற வெப்பம் சுமார் 10 மெகாவாட். இப்ப தண்ணி 200 கன மீட்டர்தான், சூடும் 60 டிகிரிதான்னு வைங்க. பார்க்க ஒண்ணும் பெரிய வித்தியாசமாத் தெரியலல்ல? வெப்பம் 4.6 மெகாவாட்டுக்கு இறங்கிடும், பாதிக்கும் கீழ! ஏன்னா ரெண்டு குறையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கிக்குது. கிணறு ஓடும், ஆனா கடன் அடையாது.

[திரையில்: வரைபடம். கிடை அச்சில் தண்ணீர் அளவு, நெடு அச்சில் சூடு, இரண்டு வளைகோடுகள்]

பிரான்ஸோட உத்தரவாத நிதி, அதாவது நான் முதல்ல சொன்ன அந்த இன்சூரன்ஸ், இந்தக் கணக்கை அப்படியே ஒரு படமா மாத்துச்சு. ரிக் வர்றதுக்கு முன்னாடியே நிபுணர் குழு உக்காந்து, ஒவ்வொரு திட்டத்துக்கும் ரெண்டு கோடு போடும். மேல் கோடு முழு வெற்றி. கீழ் கோடு முழுத் தோல்வி. எந்தச் சூட்டுக்கு எவ்வளவு தண்ணி வந்தா திட்டம் லாபகரமா ஓடும்ங்கிறதை வெச்சுத்தான் அந்தக் கோடுகள் வரும். அப்புறம் குழி போடுவாங்க. சுண்ணாம்புப் பாறை இல்லையா, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டுத் துளைகளைத் திறந்து விடுவாங்க. பம்ப் பண்ணிச் சோதனை ஓட்டம். வந்த தண்ணியையும் சூட்டையும் வரைபடத்துல ஒரு புள்ளியா வைப்பாங்க. மேல் கோட்டுக்கு மேல விழுந்தா நிதியில இருந்து ஒரு சல்லிக்காசு கிடையாது, வாழ்த்துகள், வேலையைப் பாருங்க! கீழ் கோட்டுக்குக் கீழ விழுந்தா முதல் கிணத்துச் செலவுல பெரும்பகுதி திரும்பி வரும். நடுவுல விழுந்தா அதுக்கேத்த மாதிரி ஒரு பகுதி. அப்புறமா சண்டை போட இடமே இல்ல. ஏன்னா கோடு போட்டப்ப தண்ணி வருமா வராதான்னு யாருக்குமே தெரியாது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது எதுன்னா, நல்லா ஓடுற கிணத்துக்கு அரசு ஒரு காசு செலவு பண்ணல. சாதாரண மானியம் ஜெயிச்சவனுக்கும் போகும், தோத்தவனுக்கும் போகும். இது தோத்தவனுக்கு மட்டும்தான். டாகர் மாதிரி ஒரே அடுக்குல நிறையக் கிணறு போட்ட இடத்துல தோல்வியும் குறைவு. அதனால ஒரு சின்ன நிதியை வெச்சு நிறையக் கிணறுகளைத் தாங்க முடிஞ்சது.

[திரையில்: அரித்துப் போன இரும்புக் குழாய்]

ஆனா கதை அங்க முடியல. 1980-கள் நடுப்பகுதிக்குள்ள பாரிஸ் பகுதியில ஐம்பதுக்கும் மேல ஜோடிக் கிணறு வந்துடுச்சு. அதுல ஏறக்குறைய 20 ஜோடி பின்னாடி மூட வேண்டி வந்துச்சு. முதல் காரணம், 1986-ல பெட்ரோல் எண்ணெய் விலை சரிஞ்சது. அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக் கிணறு போட்டவங்களால போட்டி போட முடியல. ரெண்டாவது காரணம் கிணத்துக்குள்ளயே இருந்துச்சு. அந்தத் தண்ணியில கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ரெண்டும் கரைஞ்சிருக்கும். உப்போட சேர்ந்து ரெண்டும் கேசிங் பைப்போட இரும்பை அரிச்சுச்சு. அரிச்ச இரும்பு சல்ஃபைடா மாறிக் குழாய்ச் சுவர்ல கருப்பாப் படிஞ்சது. குழாய் உள்வழி குறுகுச்சு, பம்புக்குப் பளு ஏறுச்சு, தண்ணி குறைஞ்சது.

மருந்து என்ன தெரியுமா? கிணத்து அடிவரைக்கும் ஒரு மெல்லிசு குழாய். அது வழியா அரிப்புத் தடுக்கிற ரசாயனம், ஒரு லிட்டர் தண்ணிக்குச் சில மில்லிகிராம் அளவுல, சொட்டுச் சொட்டாக் கீழயே கலக்கும். மேல கலந்தா பிரயோஜனம் இல்ல, அதுக்குள்ள தண்ணி ரெண்டாயிரம் மீட்டர் இரும்பைத் தொட்டுட்டு வந்துடும். பிற்பாடு ஃபைபர் கிளாஸ் உறை போட்ட கிணறுகளும் வந்துச்சு. பழைய ஜோடி தேஞ்சு போன இடத்துல இன்னொரு அழகான வேலை பண்ணாங்க. புதுசா ஒரே ஒரு பெரிய கிணறு போட்டு அதுல எடுப்பாங்க. பழைய ரெண்டும் திருப்பி விடுற கிணறா மாறிடும். ஜோடி மூணாயிடும்.

இந்த இடத்துலதான் நிதியோட ரெண்டாவது பாதி வேலை செஞ்சது. குழி போடுற அன்னைக்கு மட்டும் இல்லாம, அதுக்கப்புறம் இருபது, இருபத்தஞ்சு வருஷத்துக்குச் சூடோ தண்ணியோ குறைஞ்சா, கிணறு சேதமானா, அதுக்கும் ஈடு. மத்த நாடுகள் பெரும்பாலும் இதை விட்டுட்டாங்கன்னுதான் எனக்கு ஆதங்கம்.

பிரான்ஸ்ல 2009-ல வெப்ப நிதின்னு தனியா ஒரு மானியமும் வந்துச்சு. ஊர் முழுக்க வீடுகளுக்குச் சூடு கொண்டு போற குழாய் வலையமைப்புல பாதிக்கு மேல புதுப்பிக்கத்தக்க சூடு ஓடினா, அந்தச் சூட்டுக்கு வாட் வரி 5.5 சதவீதம்தான். ஒரு பாய்லர் வலையமைப்பை நடத்துற நகராட்சிக்கு இந்த 50 சதவீதக் கோடு பெரிய தூண்டில். வீடியோ பிடிச்சிருந்தா ஒரு லைக் போடுங்க, இன்னும் பாதி ஐரோப்பா பாக்கி இருக்கு!

[திரையில்: ஐஸ்லாந்து, நெதர்லாந்து, பவேரியா வரைபடங்கள்]

ஐஸ்லாந்து 1960-கள்லயே இதை இன்னும் நேரடியாப் பண்ணுச்சு. எரிசக்தி நிதியில இருந்து தோண்டுறதுக்குக் கடன். தோண்டினது தோத்துட்டா கடன் மானியமா மாறிடும், திருப்பிக் கட்ட வேண்டாம். இன்னைக்கு அங்க பத்துல ஒன்பது வீடு பூமிச் சூட்டுல ஓடுது.

நெதர்லாந்துல கண்ணாடிக் கூரைத் தோட்டக்காரங்கதான் முன்னாடி வந்தாங்க. 2007-ல பிளைஸ்வைக்ல தக்காளித் தோட்டத்துக்கு முதல் கிணறு. அங்க உத்தரவாதத்துக்கு 7 சதவீத ப்ரீமியம். பத்துக்கு ஒன்பது வாய்ப்புல கிடைக்கும்னு கணக்குப் போட்ட வெப்பம்தான் அளவுகோல், அதுக்குக் கீழ போனா ஈடு. அங்க வந்த தொல்லையே வேற: தண்ணியோட கரைஞ்ச எரிவாயுவும் சேர்ந்து வந்துச்சு. சில இடத்துல குழாய்ல கதிரியக்க ஈயம் படிஞ்சு, கழட்டுற பைப்பைக்கூடச் சும்மா பழைய இரும்புக் கடைக்குப் போட முடியாம போச்சு.

ஜெர்மனியில, மியூனிக் பக்கத்துல உன்டர்ஹாஹிங். 2004-ல 3,350 மீட்டர்ல 122 டிகிரி, நொடிக்கு 150 லிட்டர். தனியார் இன்சூரன்ஸ் எடுத்துத் தோண்டின கிணறு அது. அற்புதமா ஜெயிச்சது. அந்தக் கிணறு எட்டின அதே சுண்ணாம்பு அடுக்கு இன்னும் ஆழத்துக்குப் போற தெற்குப் பக்கம், கெரெட்ஸ்ரீட்ல 2013-ல தோண்டினாங்க. சூடு தாராளம். தண்ணிதான் போதல. சூட்டை ஆழம் வெச்சுக் கணிச்சுடலாம். பாறையில வெடிப்பும் துளையும் இருக்கான்னு ரிக்தான் சொல்லணும்.

[திரையில்: பாசெல் நகரம்]

நிலநடுக்கம் பத்திக் கமெண்ட்ல கேப்பீங்கன்னு தெரியும். சுவிட்சர்லாந்தோட பாசெல்ல 2006 டிசம்பர்ல, 5 கிலோமீட்டர் ஆழத்துல தண்ணி இல்லாத கெட்டிப் பாறையைப் பிளக்க ஆறு நாள்ல 11,500 கன மீட்டர் தண்ணியை அழுத்தி விட்டாங்க. 3.4 அளவுல நடுக்கம், திட்டமே மூடிடுச்சு. 2020 டிசம்பர்ல பிரான்ஸோட ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்துல வெண்டன்ஹைம்லயும் 3.5. ரெண்டுமே ஆழமான கெட்டிப் பாறை. பாரிஸோட டாகர் வேற ரகம், அங்க பாறை தானாவே தண்ணி விடும். பாறையைப் பிளக்க வேண்டியதே இல்ல. ரெண்டையும் ஒரே சட்டத்துல போட்டு அமுக்குறது தப்புன்னு நான் நினைக்கிறேன்.

ஆழம் குறைஞ்சா ஆபத்தும் குறையும்னு நினைக்காதீங்க. ஜெர்மனியோட ஸ்டௌஃபன் ஊர்ல 2007-ல டவுன் ஹாலைச் சூடாக்க வெறும் 140 மீட்டர்தான் தோண்டினாங்க. அடியில அன்ஹைட்ரைட் பாறை, அதுக்கு அடியில அழுத்தத்துல இருந்த நிலத்தடி நீர். துளை வழியா தண்ணி ஏறி அன்ஹைட்ரைட்டைத் தொட்டதும் அது ஜிப்சமா மாறி ஊதிடுச்சு. ஊரே மேல எழும்பி இருநூறுக்கும் மேல வீட்டுச் சுவர் விரிசல் விட்டுச்சு. பிரான்ஸ்ல 200 மீட்டருக்குள்ள தோண்டுற சின்னக் கிணறுகளுக்கு நாட்டையே பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு பிரிச்ச வரைபடம் இருக்கிறது இதுக்குத்தான். பச்சையில ஆன்லைன்ல பதிவு பண்ணாப் போதும். ஆரஞ்சுல நிபுணர் கையெழுத்து. சிவப்புல முழு அனுமதி வேணும்.

[திரையில்: ஐரோப்பிய நாடாளுமன்றம்]

ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 ஜனவரியில நாடாளுமன்றம், டிசம்பர்ல அமைச்சர்கள் கவுன்சில், ரெண்டுமே பூமிச் சூட்டுக்கு வேகம் கொடுக்கச் சொல்லிட்டாங்க.

ஆனா ஒரு முடிச்சு இன்னும் இருக்கு. டாகர்ல இன்சூரன்ஸ் வேலை செஞ்சதுக்குக் காரணம், அங்க ஏற்கெனவே குழிகள் இருந்துச்சு, கணக்கு இருந்துச்சு. ஒரு குழிகூட இல்லாத மாவட்டத்துல ப்ரீமியம் எவ்வளவுன்னு யார் சொல்லுவாங்க? நெதர்லாந்து இதுக்கு ஒரு வழி பிடிச்சது. ஸ்கேன்னு ஒரு திட்டம். தரவு இல்லாத பகுதிகள்ல அரசே காசு போட்டு, பூமிக்குள்ள அதிர்வலை அனுப்பிப் பாறை அடுக்குகளைப் படம் பிடிச்சது. சில இடத்துல சோதனைக் கிணறும் போடுது. கிடைச்ச தரவு எல்லாருக்கும் திறந்திருக்கும். தோண்டப் போற நகராட்சி அதை இலவசமா எடுத்துப் பார்க்கலாம், இன்சூரன்ஸ் போடுறவரும் பார்க்கலாம்.

ரிக்ல, டிரில்லிங் ஃபீல்டுல வேலை பாக்குறவங்க இதைப் பாத்துட்டிருந்தா கமெண்ட்ல வாங்க. கேசிங் அரிப்புக்கு நீங்க எந்த ரசாயனம், என்ன அளவுல விடுறீங்கன்னு எழுதுங்க. அடுத்த வீடியோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் பத்தி, அதுல சேர்த்துக்கிறேன்.