உங்கள் காதைக் குத்தும் ஹெட்போன் என் காதை ஏன் குத்தவில்லை?

[திரையில்: மேசைமேல் ஒரு கறுப்பு ஹெட்போன்]

இந்த ஹெட்போனை வாங்கி நாலு மாதம் ஆகிறது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். போன வாரம் என் நண்பன் வீட்டுக்கு வந்தபோது பெருமையாக அவன் தலையில் மாட்டிவிட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கழற்றிவிட்டான். "என்னடா இது, ஒவ்வொரு 'ஸ'வும் ஊசி மாதிரி இறங்குது, ஜால்ரா சத்தத்துக்குப் பல்லு கூசுது!" என்றான். எல்லாம் உன் பிரமை என்று நானும் சொல்லிவிட்டேன். அவன் கிளம்பிய பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். தப்பு என் பக்கம்.

முதலில், 'குத்துகிறது' என்று சொல்லும்போது ஒலியில் எந்தப் பகுதியைச் சொல்கிறோம்? பெரும்பாலும் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ட்ரெபிளை, அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை. பாடகர் 'ஸ', 'ஷ' சொல்லும்போது பல்லிடுக்கில் காற்று சீறுவது, ஜால்ரா, டிரம்ஸில் வரும் சிம்பல், எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இந்த இடத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் தூக்கலாக, ஒரு சின்ன மேடு மாதிரி இருந்தால் போதும், பாட்டு முழுக்க அதுதான் காதில் விழும்.

[திரையில்: காதின் குறுக்குவெட்டுப் படம்]

இப்போது காதுக்கு வருவோம். காது மடலுக்கும் செவிப்பறைக்கும் நடுவே இருக்கும் குழாயின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதிதானே வரும், அதே மாதிரி இந்தக் குழாயும் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உள்ள சத்தத்தைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். உங்கள் குழாய் கொஞ்சம் நீளம், என்னுடையது கொஞ்சம் குட்டை என்றால் அந்த இடமும் நகரும்.

அதற்கு மேலே போகப் போகத்தான் விவகாரம். 100 ஹெர்ட்ஸில் வரும் பேஸ், அதாவது கும்மென்ற அடிச்சத்தம், அதன் அலையின் நீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர், அதற்கு உங்கள் காது மடல் என்ன வடிவம் என்பது ஒரு பொருட்டே இல்லை. 8 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளமோ சுமார் 4.3 சென்டிமீட்டர்தான். அது மடலின் ஒவ்வொரு மடிப்பிலும் குழியிலும் முட்டித் திரும்பும், சில இடத்தில் கூடும், சில இடத்தில் அடிபட்டுப் போகும். காது மடல் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் ஒரே ஹெட்போன், ஒரே பாட்டு, ஆனால் இரண்டு பேர் செவிப்பறைக்கும் போய்ச் சேரும் ட்ரெபிள் ஒன்று இல்லை. இது ரசனை சமாச்சாரமே கிடையாது, வேறு வேறு சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரே சத்தத்தைக் கேட்டதாக நினைத்துச் சண்டை போடுகிறோம்.

காதுக்குள் செருகும் இயர்போனில் இது இன்னும் மோசம். எவ்வளவு ஆழம் செருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மேடு இடம் மாறும். ரப்பர் சரியான சைஸ் இல்லாமல் இடுக்கு விழுந்தால் பேஸ் ஒழுகிவிடும். பேஸ் போனால் ட்ரெபிள் கூடாமலேயே கூடினது மாதிரி தெரியும்.

இங்கேதான் எனக்குச் சட்டென்று உறைத்தது: என் நண்பன் கண்ணாடி போடுகிறவன்! கண்ணாடிக் காம்பு ஹெட்போன் மெத்தைக்கு அடியில் புகுந்து ஒரு நூலளவு இடைவெளி விட்டிருக்கிறது, பேஸ் அந்த வழியாக வெளியேறியிருக்கிறது. மறுநாள் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கச் சொன்னேன். "இப்ப பரவாயில்ல, ஆனா இன்னும் குத்துது" என்றான். பாதி விடைதான் கிடைத்தது.

அடுத்து வால்யூம். 1933இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது: சத்தத்தைக் குறைக்கக் குறைக்க நம் காதுக்கு பேஸ்தான் முதலில் மறையும். ஆகவே ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்கிறவருக்கு ஒலி மெலிந்து, வெறும் சீறலாகத் தெரியலாம். பஸ்ஸில் முழு வால்யூமில் கேட்கிறவருக்கு பேஸ் கிடைத்துவிடும், ஆனால் அந்த மேடு வலிக்கிற அளவுக்கு ஏறிவிடும். இரண்டு பேரும் 'குத்துகிறது' என்றுதான் சொல்வார்கள், காரணம் வேறு. எந்த வால்யூமில் கேட்டோம் என்று சொல்லாத ரிவ்யூவை நான் பாதிதான் நம்புவேன், என்னுடைய பழைய ரிவ்யூக்களையும் சேர்த்துத்தான்.

வயசைப் பற்றி ஒன்று. வயசாக ஆக உயர் அதிர்வெண்கள் காதில் விழுவது குறையும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேட்கும் திறன் குறைந்த சிலருக்கு மெல்லிய சத்தம் கேட்கவே கேட்காது, கொஞ்சம் கூட்டினால் திடீரென்று தாங்க முடியாததாகிவிடும். தாத்தாவுக்குக் காது மந்தம், அவருக்கு எங்கே குத்தப்போகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, அப்போ எல்லாமே கேட்பவர் காதில்தான், ஹெட்போன் மேல் குறையே இல்லையா? அப்படியும் இல்லை. 2009இல் வந்த சென்ஹைசர் ஹெச்டி 800இல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு அளவீட்டிலேயே தெரியும், அதற்குப் பிறகு வந்த 800 எஸ் மாடலில் அதை உறிஞ்சி அடக்க உள்ளேயே ஓர் அமைப்பு வைத்தார்கள். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஓலிவ் என்ற ஆய்வாளரின் குழு நிறைய பேரைக் கேட்க வைத்துச் சோதித்ததில் சுமார் 64 சதவீதம் பேருக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒலிதான் பிடித்திருந்தது. மிச்சப் பேரில் ஒரு பிரிவுக்கு இன்னும் பேஸ் வேண்டும், இன்னொரு பிரிவுக்குக் குறைய வேண்டும். ஆக ரசனைக்கும் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கிற அளவு இல்லை.

[திரையில்: போனில் ஈக்வலைசர்]

கடைசியாக நாங்கள் செய்தது இது. வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, 4 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றை விசில் சத்தத்தைப் போட்டோம். சத்தம் எங்கே திடீரென்று எகிறுகிறதோ அங்கே கை தூக்கணும். நான் 6 தாண்டியதும் லேசாக ஒரு விரல் தூக்கினேன். அவன் எட்டரையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையையே தூக்கிவிட்டான். ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த எட்டரையில் மட்டும் 5 டெசிபெல் இறக்கினேன். அதே பாட்டு, அதே ஜால்ரா, கண்ணை மூடி முழுசாகக் கேட்டான்.

"இதுதாண்டா பாட்டு" என்று ஹெட்போனை என்னிடம் நீட்டினான். அந்த செட்டிங்கை மாற்றாமல் நான் மாட்டிப் பார்த்தேன். ஜால்ராமேல் யாரோ ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது.