எட்டாம் எண் ஏற்றிய நாள்

நேயர்களுக்கு வணக்கம். ஹாங்காங் போய் வந்ததைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். “அடுக்குமாடி, டிஸ்னிலாண்ட் இதெல்லாம் எனக்குச் சொல்ல வராதுங்க, துறைமுகத்தைப் பத்தின்னா பேசறேன்” என்றேன். சரி என்று விட்டுவிட்டார்கள்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. எங்களுக்கு இன்னும் அது ஓ.டி.தான், அதாவது ‘ஓல்ட் டவுன்’. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. புயல் கூண்டு ஏற்றுவதும் இறக்குவதும் அவர் பொறுப்பில் இருந்தது. பகலில் கூம்பும் உருளையும், ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தால் உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு சிவந்து கிடக்கும். அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, “எத்தனாம் நம்பரு?” என்று கேட்பாள். எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைக் கிழமை வைத்து எண்ணியதைவிடக் கூண்டு வைத்து எண்ணியது அதிகம்.

சரி, ஹாங்காங். பதினான்கு நாள் வரை தங்க நம் ஆட்கள் விசாவுக்கு அலைய வேண்டாம், கிளம்பும் முன் இணையத்தில் பதிவு செய்து தாளை அச்செடுத்துக்கொண்டால் போதும். மகள் செய்து கொடுத்தாள். நானும் வீட்டுக்காரரும் செப்டம்பரில் போனோம். அது அங்கே புயல் மாதம் என்று போன பிறகுதான் தெரிந்தது.

முதல் நாளே ஸ்டார் ஃபெர்ரியில் ஏறினோம். கௌலூனுக்கும் ஹாங்காங் தீவுக்கும் நடுவே ஓடுகிற பச்சை வெள்ளைப் படகு. நாங்கள் போனபோது மேல்தளத்துக்கு ஐந்து ஹாங்காங் டாலர்தான். பத்து நிமிடம்கூட ஆகாது. மர இருக்கையின் முதுகுப் பலகையில் நட்சத்திர வடிவில் துளைகள். அந்தப் பலகையை முன்னும் பின்னும் தள்ளலாம். படகுக்கு இரண்டு பக்கமும் முகம்தான். அது திரும்பாது, நாம்தான் பலகையைத் தள்ளித் திரும்பி உட்கார வேண்டும். துறையை நெருங்கியதும் நீல உடுப்புக்காரர் ஒருவர் கயிற்றை வீச, கரையில் நின்றவர் கொக்கி மாட்டிய கழியால் அதை வளைத்துப் பிடித்துக் கட்டையில் மாட்டினார். ஒரே வீச்சு. அப்பா இருந்திருந்தால் நின்று பார்த்திருப்பார்.

1888-இல் இந்தப் படகுச் சேவையைத் தொடங்கியவர் தோராப்ஜி என்ற பார்சிக்காரர், நம் பம்பாயிலிருந்து போனவர். 1966-இல் முதல் வகுப்புக் கட்டணத்தை ஐந்து காசு ஏற்றியதற்கு ஊரே தெருவில் இறங்கிக் கலவரமாகியிருக்கிறது. நம் ஊரில் பஸ் கட்டணம் ஏறினால் இரண்டு நாள் திட்டிவிட்டு ஏறிக்கொள்கிறோம்.

அப்பா காலத்தில் கடலூரில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கெடிலமும் பரவனாறும் கடலில் சேருகிற வாயில் மணல் தூர்ந்துகொண்டே இருக்கும். கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைப் படகில் கொண்டுவருவார்கள். ஹாங்காங்கில் கடல் ஊருக்கு நடுவிலேயே ஆழமாகக் கிடக்கிறது. 2004 வரை உலகத்திலேயே அதிகம் கன்டெய்னர் கையாண்ட துறைமுகம் அதுதான், பிறகுதான் சிங்கப்பூர் முந்தியது. ஆனாலும் அந்தக் கடலை இரண்டு கரையிலும் மண் கொட்டிக் கொட்டிக் குறுக்கியிருக்கிறார்கள்.

நாலாம் நாள் காலை விடுதி வரவேற்பறையில் பெரிய 3 எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர். மூணா? அடுத்து நாலு, அஞ்சு என்று வருமா என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். சிரித்துவிட்டு எட்டு விரலைக் காட்டினாள். அவர்கள் கணக்கு 1, 3, 8, 9, 10. நடுவில் இருந்த எண்களை 1973-இல் எடுத்துவிட்டு, எட்டையே காற்று வரும் திசையை வைத்து நாலாகப் பிரித்திருக்கிறார்கள்.

நம்முடையது ஒன்று முதல் பதினொன்று வரை. நம் எட்டும் அவர்கள் எட்டும் ஒன்றல்ல என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நம்மிடம் எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும், அல்லது நேராகத் தலைமேலேயே வருமா என்பதில்தான் வித்தியாசம். பதினொன்று என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று. இதெல்லாம் கப்பல் கேப்டனுக்குச் சொல்கிற பாஷை. அவர்கள் எட்டு, காற்று மணிக்கு 63 கிலோமீட்டரைத் தாண்டும் என்று ஊர்க்காரனுக்குச் சொல்கிற பாஷை. நம் கூண்டு கடலைப் பார்த்து நிற்கிறது. அவர்களுடையது தெருவைப் பார்த்து நிற்கிறது.

எட்டு ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அறிவித்துவிடுகிறார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடம், அலுவலகம், கடை எல்லாம் அடைக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுகிறார்கள். ரொட்டிக் கடையில் அலமாரி காலி. சாம்பான் என்கிற சின்னப் படகுகள் அலைதடுப்புச் சுவருக்குள்ளே, புயலுக்கென்றே கட்டிய ஒதுங்குதுறையில், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஸ்டார் ஃபெர்ரியும் நின்றது. ராத்திரி பூரா கண்ணாடி அதிர்ந்தது. வீட்டுக்காரர் குறட்டை விட்டார். நான் 2011 டிசம்பர் 30 விடியலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது.

புயல் விலகியதும் சிம் ஷா சூய் பக்கத்தில் சிக்னல் குன்றுக்குப் போனோம். செங்கல்லில் சின்னக் கோபுரம். 1908 முதல் 1933 வரை அதன் உச்சியிலிருந்து ஒரு பந்தை நேரம் பார்த்து இறக்குவார்களாம், கப்பல்காரர்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். இப்போது அங்கே பந்து இறங்குவதில்லை. புயல் அடையாளத்தைக் கம்பத்தில் ஏற்றுவதையும் 2002-லேயே விட்டுவிட்டார்கள், எல்லாம் கைப்பேசியில் வந்துவிடுகிறது. ஆனாலும் பேச்சில் மட்டும் இன்றைக்கும் “எட்டு ஏற்றியாச்சு” என்றுதான் சொல்கிறார்களாம். கம்பமே இல்லை, என்னத்தை ஏற்றுகிறார்கள்!

திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடலூரில் மூன்றாம் எண் ஏற்றியிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். “அக்கா, மூணு ஏத்திட்டாங்களாம். சில்வர் பீச்சுல அலை பனைமர உசரம் வருதாம். போய்ப் பார்த்துட்டு வரலாமா?”

போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.