ஏழுக்குள் மூன்றும் நான்கும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாலுகாவில், தமிழ் வழி வகுப்புகள் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளை உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டில் தமிழ், கடைவீதியில் இரண்டும் கலந்த பேச்சு, பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம் என்று வளர்கிற பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பாட்டும் தாளமும் படம் வரைவதும் கூத்தும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். வகுப்பறையிலேயே, அன்றாடம் கிடைக்க வேண்டும். ஆண்டு விழாவுக்கு முந்தைய பத்து நாள் ஒத்திகையை நான் இதில் சேர்க்கவில்லை.

தாளத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் வகுப்பில் கூட்டல் நடத்தும்போது, கரும்பலகைப் பக்கம் போவதற்கு முன்னால் பிள்ளைகளை வட்டமாகத் தரையில் உட்கார வைத்துவிடுவேன். தகிட என்றால் மூன்று தட்டு. தகதிமி என்றால் நான்கு. இரண்டையும் சேர்த்து, தொடையில் தட்டிக்கொண்டே தகிட தகதிமி என்று சொன்னால் ஏழு. ஐந்துக்கு தக தகிட. ஒன்பதுக்கு தகதிமி தகதகிட. சங்கீதம் படித்தவர்கள் இதைத் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று ஐந்து ஜாதியாகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரெல்லாம் அப்போது வேண்டியதில்லை, தட்டத் தெரிந்தால் போதும்.

கொஞ்ச நாள் போனதும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "டீச்சர், இதில ஆறு எங்கே?" அந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். "நீயே தட்டிப் பாரு" என்பேன். தகிட தகிட. இரண்டு மூன்று ஆறு! அப்படியானால் எட்டு? தகதிமி தகதிமி. வாய்ப்பாடு அங்கே தொடங்கிவிடுகிறது. இன்னொரு பிள்ளை ஏழைத் திருப்பிப் போட்டு, தகதிமி தகிட என்று தட்டும். மூன்றும் நான்கும் ஏழு, நான்கும் மூன்றும் ஏழு. எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் நடை மாறிவிட்டது. இரண்டும் அந்தப் பிள்ளையின் காதில் ஒரே நேரத்தில் விழுகின்றன. நோட்டில் எழுதிக் காட்டி இதைப் புரிய வைக்க எனக்கு நாள் கணக்காகும்.

இதில் நான் கண்ட பெரிய பலன் வேறு. நோட்டில் ஒரு கணக்கும் சரியாகப் போடாத பிள்ளை, ஒன்பதைப் பிசகாமல் தட்டும். அப்போதுதான் நமக்குத் தெரிகிறது, எண்ணத் தெரியாத பிள்ளை அல்ல, எழுதத்தான் இன்னும் வரவில்லை என்று. எங்கே கைகொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்தே விளங்கிவிடும். ஒரு பிள்ளையை மக்கு என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் ஒரு தடவை தட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பெஞ்சில் செண்டை மேளம் வாசித்ததற்காக நாம் வெளியே நிறுத்தும் பையன், வேல என்கிற கோயில் திருவிழா முழுவதையும் மனசில் வைத்திருக்கிறான். அவனை வட்டத்தின் நடுவில் உட்கார வையுங்கள்.

கணக்குக்கு உதவும் என்பதற்காக மட்டும் பாட்டு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, கலையோடு இணைத்துப் பாடம் நடத்தச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? தாவரத்தின் பாகங்களை ஏதோ ஒரு மெட்டில் போட்டுப் பாடச் சொல்கிறார்கள், அத்தோடு கலை ஆயிற்று என்று குறித்துக்கொள்கிறார்கள். பாட்டைப் பாட்டாகவும் படத்தைப் படமாகவும் அனுபவிக்க ஒரு நேரம் வேண்டும். 2005-ஆம் ஆண்டு தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு இசை, நடனம், நாடகம், ஓவியம் நான்கையும் பள்ளியின் எல்லா நிலையிலும் வைக்கச் சொல்லியது. டைம்டேபிளில் எழுதியும் இருக்கிறது. ஆனால் பாடம் முடியவில்லை என்றால் முதலில் கையை வைப்பது அந்தப் பீரியடில்தான்.

சட்டத்திலேயே ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரைக்கும் அப்படி ஒரு வரியே கிடையாது. குரல் திறக்கிற வயதில், கூச்சம் இன்னும் வராத வயதில், யாரும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதாகி, நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே தயங்கும்போது பாட்டு வாத்தியார் வருகிறார், அதுவும் நூறு பேர் இருந்தால்தான். நம் எல்லைப்புறத்துத் தமிழ் வழிப் பள்ளிகள் பலவற்றில் அத்தனை பிள்ளைகள் ஏது?

நம்மூரில்தான் கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் கலைப்போட்டி விழாவான கலோத்சவம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 1957-இல் எறணாகுளத்தில் தொடங்கியது, இன்று எவ்வளவு பெரிய விழாவாக வளர்ந்திருக்கிறது! தமிழில் செய்யுள் சொல்லவும் பேசவும் நம் பிள்ளைகளுக்கு அதில் இடம் இருக்கிறது. அது எனக்கும் பெருமைதான். ஆனால் போட்டி என்றால் ஆளைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். நன்றாகப் பாடும் பிள்ளையை எடுத்துக்கொண்டு மற்ற இருபது பேரை "நீங்க கைதட்டுங்க" என்று உட்கார வைக்கிறோம். அப்புறம் தனியாக மாஸ்டர், வாடகைக்கு டிரெஸ், மேக்கப் என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. தேங்காய் உரிக்கப் போகும் அப்பாவும் அரசின் தொழிலுறுதித் திட்டத்தில் கூலி வேலைக்குப் போகும் அம்மாவும் அதற்கு எங்கே போவார்கள்? கலாதிலகம், கலாபிரதிபா என்று கொடுத்துவந்த பட்டங்களை, போட்டி கைமீறிப் போனதால் நிறுத்தியே விட்டார்கள். மேடை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பில் தினமும் சோறு போட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் விருந்து வைப்போம் என்றுதான் சொல்கிறேன்.

ஹங்கேரி நாட்டில் சோல்தான் கொடாய் என்ற இசையமைப்பாளர் இருந்தார். அவருடைய வழியில், கெச்கெமேட் என்ற அவர் பிறந்த ஊரில், 1950-இல் ஓர் ஆரம்பப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகளுக்குத் தினமும் பாட்டு வகுப்பு. வாத்தியம் பிறகு, முதலில் சொந்தக் குரல். வெளியூர்ப் பெரிய சங்கீதம் பிறகு, முதலில் சொந்த மொழியின் நாட்டுப் பாட்டு. இந்த வரிசையை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் இதற்குக் காசு வேண்டாம். சிறு பிள்ளைகளின் குரல் ஐந்தாறு ஸ்வரத்துக்குள்தான் சிரமமில்லாமல் ஓடும். சினிமாப் பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் அவர்கள் கத்துவார்கள், இல்லை வாயை மூடிக்கொள்வார்கள். நம் கும்மிப் பாட்டும் தாலாட்டும் பெரும்பாலும் நாலைந்து ஸ்வரத்திலேயே சுற்றி வருகின்றன. பிள்ளைத் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். அந்தப் பாட்டுகளை அறிந்த பாட்டிமார் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை வகுப்புக்கு அழைத்து ஒரு நாற்காலி போடுங்கள். ஸ்பீக்கரில் பாட்டை அலற விட்டுப் பிள்ளைகளை ஆட வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி கூத்துக்கு வருகிறேன். நம் பாலக்காட்டு மாவட்டத்துக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது: தோல்பாவைக்கூத்து. பத்ரகாளி கோயில்களில், அதற்கென்றே கட்டிய கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் 21 விளக்கு ஏற்றி, இரவு இரவாக நடக்கும் நிழற்கூத்து. அங்கே பாடுவது கம்பராமாயணச் செய்யுள். மலையாளம் பேசும் ஊரில், புலவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பனின் தமிழை மனப்பாடமாகக் காப்பாற்றி வருகிறார்கள். ஷொர்ணூர்ப் பக்கத்து ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழ் படித்து என்ன ஆகப் போகிறது என்ற பேச்சைக் கேட்டே வளரும் எல்லைப்புறத்துப் பிள்ளை, இதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

வகுப்பிலேயே செய்யலாம். பழைய சார்ட் அட்டை, ஈர்க்குச்சி, ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குக் கட்டிய ஒரு வேட்டி, ஒரு டார்ச். உருவத்தை வெட்டி, கண்ணுக்கும் நகைக்கும் காம்பஸ் முனையால் ஓட்டை போட வேண்டும். வெளிச்சம் அந்த ஓட்டை வழியாக வந்து வேட்டியில் புள்ளி புள்ளியாக விழும்போது பிள்ளைகள் போடும் சத்தம் அடுத்த வகுப்பு வரை கேட்கும். பாவையை டார்ச் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், ஓரம் மங்கும். துணியோடு ஒட்டிப் பிடித்தால் சிறிதாகி, ஓரம் தெளிவாகும். கும்பகர்ணன் எழுந்து நிற்கும் இடத்தில் அட்டையை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். ராமாயணம்தான் வேண்டும் என்றும் இல்லை. தோப்புக்குள் யானை புகுந்த கதையை அவர்களே வசனம் கட்டிப் போடட்டும். முன்னால் வந்து நிற்கக் கூச்சப்படும் பிள்ளை வேட்டிக்குப் பின்னாலிருந்து எவ்வளவு கணீரென்று பேசும் தெரியுமா? பேச வந்த தமிழ் எழுதவும் வரும், அதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேரளத்தில் அரசு ஆரம்பப் பள்ளிகள் கிராம பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பஞ்சாயத்துத் திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஒதுக்க வழி இருக்கிறது. சட்ட அட்டவணை எப்போது மாறுமோ தெரியாது, அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அடுத்த கிராமசபையில் பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. சார்பாக எழுந்து கேளுங்கள். வாரத்தில் இரண்டு மதியம் ஓர் உள்ளூர்க் கலைஞர் பள்ளிக்கு வர வேண்டும். பம்பை அடிப்பவர், கும்மி சொல்லிக் கொடுப்பவர், கூத்துக்காரர், யார் கிடைத்தாலும் சரி. சேவையாக வாருங்கள் என்று அவர்களைக் கேட்காதீர்கள், அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். தினப்படி இவ்வளவு என்று தொகையைப் போட்டே எழுதுங்கள். மனுவைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுங்கள். எந்தெந்த வகுப்புக்கு என்ற இடத்தில் ஒன்றாம் வகுப்பை முதலில் எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.