கூடத்தையும் கொஞ்சம் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம்.

நடுவர்கள் உள்ள உக்காந்து மார்க் கூட்டிட்டு இருக்காங்க, அது முடியறவரைக்கும் நீங்க பேசுங்க டீச்சர்னு முதல்வர் அம்மா சொல்லிட்டாங்க. மேடைல இருக்கற மதிப்புக்குரிய கல்லூரிச் செயலர் ஐயா அவர்களே, இப்படி ஒரு டான்ஸ் போட்டி வெக்கலாமான்னு பிள்ளைங்க வந்து கேட்டப்ப ஒரு வார்த்தை மறுக்காம சரின்னு சொன்னவர் அவர்தான், அதுக்கே முதல் கைத்தட்டு. முதல்வர் அம்மா அவர்களே, துணை முதல்வர் அவர்களே, நான் பி.டி. டீச்சரா இருந்த காலத்துல ஜோனல் விளையாட்டுப் போட்டில என் டீமுக்கு எதிரா பிள்ளைங்கள கூட்டியாந்து நின்ன, இன்னிக்கும் அதே விசிலோட நிக்கற உடற்கல்வி இயக்குநர் அவர்களே, வார்டுல தண்ணி பிரச்சினைய பாத்துட்டு அப்படியே நேரா வந்து முதல் வரிசைல உக்காந்திருக்கற மாமன்ற உறுப்பினர் அவர்களே, பேராசிரியர்களே, ஆபீஸ் ஸ்டாஃப், லேப் ஸ்டாஃப், கேன்டீன்ல இத்தனை பேருக்கு டீ போட்ட அண்ணனுங்க, வாசல்ல வண்டிய எல்லாம் ஒழுங்கா நிறுத்த வெச்ச வாட்ச்மேன் ஐயா, காட்பாடிலேர்ந்தும் குடியாத்தத்துலேர்ந்தும் இந்த வேலூர் வெயில்ல பஸ் பிடிச்சு வந்த பெத்தவங்க, எல்லாருக்கும் என் வணக்கம். பொன்னாடைக்கு பதிலா புக் குடுத்தீங்க, அது ரொம்ப நல்ல பழக்கம், எல்லா காலேஜும் செய்யணும்.

இன்னிக்கு மூணு விஷயம் பேசணும்னு குறிச்சு வெச்சிருக்கேன். ஒண்ணு, ஆட்டம் நம்ம உடம்புக்கும் மூளைக்கும் என்ன பண்ணுது. ரெண்டு, வயசுல சின்னவங்ககிட்ட பெரியவங்க உக்காந்து கத்துக்கறது. மூணு, பால்ரூம்னு சொல்ற இந்த மேல்நாட்டு ஜோடி ஆட்டப் போட்டில மார்க் எப்படி போடறாங்க, நடுவர் எதைப் பாக்கறாங்க. முடிஞ்சவரைக்கும் சொல்றேன்.

மொதல்ல இந்தப் போட்டி என்னன்னு பின்னாடி இருக்கற பெத்தவங்களுக்கு சொல்லிடறேன். இங்கிலாந்துல 2004லேர்ந்து பிபிசி டிவில பிரபலங்கள தொழில்முறை டான்ஸர்ங்களோட ஜோடி சேத்து ஆட விடறாங்க, உலகம் முழுக்க அதே மாதிரி நிகழ்ச்சிங்க வந்துடுச்சு. நம்ம பிள்ளைங்க அதுல ஒரு மாத்தம் பண்ணிட்டாங்க. இங்க ஸ்டாஃப்தான் கத்துக்கறவங்க, ஸ்டூடன்ட்தான் கோச். பொம்பள ஸ்டாஃபுக்கு பொண்ணுங்க, ஆம்பள ஸ்டாஃபுக்கு பசங்க. ஒருத்தர் நடத்தணும், இன்னொருத்தர் தொடரணும், யாரு நடத்தறதுன்னு ஜோடிக்குள்ள பேசிக்கலாம். இதனாலயே எத்தனையோ வீட்ல வரவேண்டிய சங்கடம் வரல, நான் இதை மனசார பாராட்டறேன். பால்ரூம்ல ஸ்டாண்டர்ட்னு அஞ்சு, வால்ட்ஸ், டாங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், குயிக்ஸ்டெப். லத்தீன்னு அஞ்சு, சம்பா, சாசாசா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ். இவங்க எடுத்துக்கிட்டது வால்ட்ஸும் சாசாசாவும் மட்டும். புதுசா கத்துக்கறவங்களுக்கு அதுவே நெறைய.

இது நமக்கு சம்பந்தமில்லாத வெளிநாட்டு சமாச்சாரம்னு யாராச்சும் நெனச்சா ஒரு தகவல். 1989ல ரெண்டா பிரிக்கறதுக்கு முன்னாடி நம்ம வட ஆற்காடு மாவட்டம் எவ்வளவு பெருசுன்னு பெரியவங்களுக்கு தெரியும். அரக்கோணம், ஜோலார்பேட்டை எல்லாம் இதுக்குள்ளதான். அந்த ரயில்வே காலனிங்கள்ல ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க இருந்தாங்க, டிரைவர், கார்டு வேலை பாத்தவங்க. ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹால்ல கிறிஸ்துமஸுக்கும் நியூ இயருக்கும் ஜோடி ஜோடியா ஆடறது அவங்களுக்கு வழக்கம். பேரன் எடுத்தவங்க வரைக்கும் ஆடுவாங்க. அதுக்குன்னே ஹால் இருந்துச்சு. இந்த ஹால் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரேன்.

நம்ம ஊர்ல ஒரு பழமொழி இருக்கு, ஆடத்தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். வேலை செய்யத் தெரியாதவங்க சாக்கு சொல்றதுக்கு நாம இதை தூக்கிப் போடுவோம். நானும் பி.டி. டீச்சரா இருந்தவ, கிரவுண்டு சரியில்ல டீச்சர்னு பிள்ளைங்க சொல்லும்போதெல்லாம் யாராச்சும் ஒரு ஆசிரியர் இந்தப் பழமொழிய சொல்லாம இருந்ததில்ல. எனக்கு இந்தப் பழமொழி மேல ஒரு கேள்வி உண்டு. அவ கோணல்னு சொன்னா சரி, யாராச்சும் போய் அந்தக் கூடத்தைப் பாத்தாங்களா?

இங்க நடந்ததை சொல்றேன், சம்பந்தப்பட்டவங்க ரெண்டு பேரும் சொல்லச் சொல்லித்தான் சொல்றேன்.

கெமிஸ்ட்ரி லேப்ல அட்டெண்டரா ஒரு அக்கா இருக்காங்க. அம்பது தாண்டினவங்க, காலைல பீக்கர், பிப்பெட் கழுவறதுலேர்ந்து சாயந்தரம் கேஸ் வால்வு மூடறவரைக்கும் நின்னுக்கிட்டே வேலை. பேராசிரியருங்க பேர் குடுக்கற லிஸ்ட்ல நானும் குடுக்கலாமான்னு தயங்கித் தயங்கி கேட்டிருக்காங்க. அவங்களுக்கு கோச்சா வந்தது பேரணாம்பட்டுப் பக்கத்துலேர்ந்து வர்ற ஒரு மூணாவது வருஷப் பொண்ணு. அப்பா கொத்தனார், அம்மா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில தையல் செக்‌ஷன். ப்ராக்டீஸுக்கு பழைய டைனிங் ஹாலை குடுத்திருக்காங்க. அங்க மொத நாளு வால்ட்ஸ் பாக்ஸ் ஸ்டெப். இடது கால் முன்னாடி, வலது கால் பக்கவாட்டுல, இடது கால் வந்து ஒட்டணும். அப்புறம் வலது கால் பின்னாடி, இடது கால் பக்கவாட்டுல, வலது கால் வந்து ஒட்டணும். தரைல ஒரு சதுரம் போடற மாதிரி. ஒன் டூ த்ரீன்னு சொல்லி அந்தப் பொண்ணு பாத்துச்சு, அக்காவுக்கு வரல. அப்புறம் தகிட தகிடன்னு சொல்லிச்சு, உடனே கால் பிடிச்சுக்கிச்சு. மூணு எண்ணிக்கை தாளம் நம்ம காதுக்கு புதுசா என்ன, கோயில் மேளத்துல கேட்டு வளந்ததுதானே.

தாளம் வந்துடுச்சு, ஆனா பின்னாடி போற கால்ல மட்டும் அக்கா ஒவ்வொரு தடவையும் தடுமாறறாங்க. "இன்னாம்மா, இந்தத் தரை ஒருபக்கமா சாயுது, என்னை யாரோ பின்னாடி இழுக்கற மாதிரி கீது"ன்னு சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான், பக்கத்துல ப்ராக்டீஸ் பண்ணிட்டு இருந்தவங்க எல்லாம் ஒரே குரல்ல, ஆடத்தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! சிரிப்பு. அக்காவும் கூட சேந்து சிரிச்சுட்டு, நாளைக்கு நான் வரலம்மா, லேப்ல வேலை கெடக்குதுன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டாங்களாம்.

அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. "இருங்க அக்கா"ன்னு சொல்லிட்டு, ஹாஸ்டல் வாசல்ல விளையாடிட்டு இருந்த ஒரு சின்னப் பையன்கிட்ட கோலி குண்டு ஒண்ணு வாங்கியாந்து ஹால் நடுவுல வெச்சுது. கோலி கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் மெதுவா நகந்துச்சு. அப்புறம் தானா வேகம் பிடிச்சு, ஆடிட்டு இருந்தவங்க கால் நடுவுல பூந்து, நேரா மூலைல இருக்கற தண்ணி போற ஓட்டைக்கு போய் விழுந்துச்சு. திரும்ப எடுத்து வேற இடத்துல வெச்சா அங்கேர்ந்தும் அதே ஓட்டைக்கு. ஹாலே அமைதியாயிடுச்சாம்.

விட்டுதா அந்தப் பொண்ணு? மறுநாள், தரை சமமா இருக்கான்னு பாக்கற அப்பாவோட ரசமட்டத்தை பையில போட்டு பஸ்ல எடுத்துட்டு வந்துடுச்சு. ஹாலோட நாலு மூலைலயும் வெச்சுப் பாத்து நோட்டுல எழுதிச்சு, அந்த நோட்டை நானே பாத்தேன், பென்சில்ல ஹால் படம் போட்டு அம்புக்குறி போட்டு வெச்சிருக்கு. பத்தடிக்கு ஒரு இன்ச் வாட்டம், அதாவது சரிவு. கட்டினவர் மேல தப்பே கெடையாது, சாப்பாட்டு ஹால், கழுவி விட்டா தண்ணி ஓடணும்னு கொத்தனார் சரியாத்தான் வாட்டம் குடுத்திருக்கார். சாப்பிடறதுக்கு அது நல்ல கூடம். ஆடறதுக்கு அது கோணல் கூடம். வால்ட்ஸ்ல உடம்போட முழு எடையும் மாறி மாறி ஒத்தக் கால்ல நிக்குது, பின்னாடி போகும்போது கண்ணால தரைய பாக்கவும் முடியாது, அந்த நேரத்துல ஒரு இன்ச் வாட்டம் கூட உடம்புக்கு தெரியும். மத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், வெளிய சொன்னது இந்த அக்கா ஒருத்தங்கதான்.

நோட்டை எடுத்துட்டு அந்தப் பொண்ணு நேரா செயலர் ஐயா ரூமுக்கே போச்சு. ஐயா அதைப் பாத்துட்டு, அன்னிக்கே ப்ராக்டீஸை இந்த ஆடிட்டோரியம் மரமேடைக்கு மாத்தினார். இப்படிப்பட்ட நிர்வாகம் கெடைக்கறது பெரிய விஷயம், ஐயாவுக்கு இன்னொரு தடவை கைத்தட்டுங்க.

ஷூ கதையும் இருக்கு. பால்ரூம் ஷூவுக்கு அடிப்பாகம் ஸ்வேட் தோல்ல இருக்கும், வழுக்கவும் கூடாது, ஒட்டிக்கவும் கூடாது, திரும்பும்போது கால் திரும்பணும், நிக்கும்போது நிக்கணும். ரப்பர் சோல் போட்டா உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, மூட்டுதான் முறுக்கிக்கும். உலகத்துக்கே தோலும் ஷூவும் அனுப்பற ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி நம்ம பக்கத்துலயே இருக்க, ஆடற ஷூ எங்க கெடைக்கும்னு தேடறதா? அந்தப் பொண்ணோட அம்மா கடைல ஸ்வேட் துண்டு வாங்கி, அக்காவோட பழைய ஷூ அடில அளவா வெட்டி ஒட்டிக் குடுத்திருக்காங்க. இன்னிக்கு அக்கா புடவைய கணுக்காலுக்கு மேல தூக்கிக் கட்டி, கொசுவத்துல பின் குத்தி, அந்த ஷூவோட ஆடினதை நீங்க எல்லாரும் பாத்தீங்க. பின்னாடி போன கால் ஒரு தடவை கூட தடுமாறல. நடுவர் என்ன மார்க் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, என் கண்ணுக்கு அதுதான் இன்னிக்கு முதல் ஆட்டம்.

சரி, உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு சொல்றேன்னு சொன்னேன். 2003ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு, நியூயார்க்ல 75 வயசு தாண்டின 469 பேரை வருஷக்கணக்கா கவனிச்சிருக்காங்க. படிக்கறவங்க, செஸ் மாதிரி விளையாடறவங்க, வாத்தியம் வாசிக்கறவங்களுக்கு ஞாபக மறதி நோய் வர்ற வாய்ப்பு கம்மியா இருந்துச்சு. உடம்பை வெச்சுப் பண்ற விஷயங்கள்ல அப்படி கம்மியா தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், அது டான்ஸ். ஆடினதாலதான் வரலைன்னு இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, மூளை நல்லா இருந்தவங்க ஆடியிருக்கலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க, தாளம் எண்ணணும், அடுத்த அடி ஞாபகம் வரணும், எதிர்ல இருக்கறவங்க எங்க போறாங்கன்னு கவனிக்கணும், மத்த ஜோடி மேல இடிக்காம ஹாலை இடஞ்சுழியா சுத்தி வரணும். நம்ம ஊருக்கு சிஎம்சி குடுத்த ஐடா ஸ்கடர் அம்மா வயசான காலத்துலயும் டென்னிஸ் மட்டையோட கோர்ட்ல எறங்கினவங்க. நமக்கு அந்த முன்மாதிரி ஊர்லயே இருக்கு.

அந்த ரயில்வே ஹாலை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, இப்ப நான் கேக்க வந்த கேள்வி அதுதான். இந்த அக்கா ரிட்டயர் ஆனப்புறம் எங்க போய் ஆடுவாங்க? இங்க வந்திருக்கற பெத்தவங்க, நாப்பது அம்பது வயசு அம்மாங்க, ஆசைப்பட்டா எங்க போய் ஆடுவாங்க? காலேஜ் ஹால் காலேஜுக்கு. கல்யாண மண்டபம்னா வாடகை, அதுவும் கிரானைட், டைல்ஸ், கீழ சிமெண்டு, அதுல குதிச்சா அதிர்ச்சி நேரா முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகும். கோட்டை மைதானத்துல நடக்கலாம், வெயில் தாழணும், மழை வரக்கூடாது, இருட்டறதுக்குள்ள பொம்பளைங்க வீட்டுக்கு போயாகணும். வீட்டு மொட்டை மாடியும் வாட்டம் போட்டதுதான். ஊர்ல இத்தனை பொம்பளைங்க, எனக்கு ஆடத் தெரியாது, எனக்கு எக்சர்சைஸ் வராதுன்னு சொல்லிட்டு உக்காந்திருக்காங்கன்னா, ஆடத்தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு நாம சிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு கூடமாவது கட்டிக் குடுத்தோமா?

மாமன்ற உறுப்பினர் இங்க இருக்கறதால நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்க மாட்டாங்க, எனக்கு அவங்களை சின்னப் பொண்ணுலேர்ந்து தெரியும். வேலூர் 2008ல மாநகராட்சி ஆச்சு. 60 வார்டு, 4 மண்டலம். மண்டலத்துக்கு ஒரு கூடம், மொத்தம் நாலே நாலு. அடில மரச்சட்டம், சட்டத்துக்கு கீழ ரப்பர் பேட், மேல மரத்தரை, கால் வெச்சா கொஞ்சம் அமுங்கி எழும்பற தரை. ரசமட்டம் வெச்சா குமிழி நடுவுல நிக்கணும். ஒரு சுவர் முழுக்க கண்ணாடி, நல்ல ஃபேன், பொம்பளைங்களுக்கு பூட்டு போடற கழிப்பறை, ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் லைட். காலைல பெரியவங்க மூச்சுப் பயிற்சி, மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க, சாயந்தரம் வேலை முடிஞ்சு வர்றவங்க. வால்ட்ஸ்தான் ஆடணும்னு நான் சொல்லல, கும்மி அடிக்கட்டும், கோலாட்டம் ஆடட்டும், செய்யாறு பக்கம் புரிசைலேர்ந்து கூத்துக் கலைஞர்களை கூப்பிட்டு அடவு கத்துக்கட்டும், சும்மா பாட்டு போட்டு நடக்கட்டும். காசு வாங்கக் கூடாது, அதுல மட்டும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன். காசுன்னு வெச்சா வீட்ல மொதல்ல நிறுத்தப்படறது அம்மாவோட செலவுதான்.

கட்டடம் புதுசா கட்ட இடமில்லைன்னு பதில் வரும், வந்திருக்கு. நான் புதுசா கேக்கல. பூட்டிக் கெடக்கற பழைய சமுதாயக்கூடம் ஒவ்வொரு பக்கமும் இருக்கு, கூரைய சரி பண்ணி தரைய மட்டும் மாத்தினா போதும். அளவெடுக்க ஆள் வேணும்னா பேரணாம்பட்டுப் பொண்ணு நோட்டோட தயாரா இருக்கு, அவங்க அப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.

மார்க் போடற முறை பத்தி சொல்றேன்னு சொன்னேன், நடுவர்கள் பேப்பரோட வெளிய வந்துட்டாங்க, அவங்களே சொல்லுவாங்க. வாசல்ல டீ டேபிளுக்கு பக்கத்துல மனு வெச்சிருக்கேன், மாநகராட்சி ஆணையருக்கு. பேரு, வார்டு நம்பர், கையெழுத்து, அவ்வளவுதான். பேனா ரெண்டுதான் இருக்கு, கையில பேனா வெச்சிருக்கறவங்க பக்கத்துல இருக்கறவங்களுக்கும் குடுங்க. மாமன்ற உறுப்பினர் மொத கையெழுத்து போட்டா மத்தவங்களுக்கும் தயக்கம் போகும், வாங்கம்மா. நன்றி, வணக்கம்.